எந்த விலங்கு, எந்தக் குழாய்?

"இந்தச் சர்க்கரை மாத்திரை இதயத்துக்கு ஆகாதாமே டாக்டர், நானே நிறுத்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அலைபேசியில் ஒரு செய்தியையும் காட்டுவார்கள். பெரும்பாலும் அதில் பொய் இருக்காது. விலங்குகளில் நடந்த ஏதோ ஒரு நல்ல ஆய்வைத்தான் யாரோ சுருக்கி எழுதியிருப்பார்கள். அப்படிச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது எந்த விலங்கு, அதன் ரத்தக் குழாய் எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டு விவரங்கள். இதயத் தமனி நோயில், அதிலும் அயன் சேனல் ஆய்வுகளில், அந்த இரண்டும் தெரியாமல் செய்தியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

அயன் சேனல் என்பது செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம். கால்சியம், பொட்டாசியம், சோடியம் அயனிகள் அதன் வழியாக உள்ளே வெளியே போய்வரும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனியின் சுவரில் மென்தசைச் செல்கள் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. எல்-வகைக் கால்சியம் சேனல் திறந்து கால்சியம் உள்ளே புகுந்தால் தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும். பொட்டாசியம் சேனல் திறந்தால் பொட்டாசியம் வெளியேறும், செல்லின் மின்னழுத்தம் இறங்கும், கால்சியம் சேனல் மூடிக்கொள்ளும், குழாய் விரியும். மாடி ஏறும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் கிடைப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதெல்லாம் தெரியவந்ததே விலங்குகளால்தான். சுற்றியுள்ள கரைசலில் கால்சியம் இல்லாவிட்டால் தவளையின் இதயம் துடிக்காது என்று சிட்னி ரிங்கர் 1883இல் காட்டினார். வெராபமில் போன்ற மருந்துகள் கால்சியத்தின் வேலையைத் தடுத்தே இதயத் தசையைத் தளர்த்துகின்றன என்பதை 1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன் கண்டறிந்தார். இன்று பலரும் ரத்த அழுத்தத்துக்காகத் தினமும் போடும் ஆம்லோடிபின் அந்த வழியில் வந்த மருந்து. (பேச்சோடு பேச்சாக ஒன்று: ஆம்லோடிபின் எடுப்பவர்கள் எலும்புக்காகக் கொடுத்த கால்சியம் மாத்திரையைத் தாங்களாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. இந்த மருந்து செல்லின் நுழைவழியைத்தான் அடைக்கிறது, ரத்தத்தில் உள்ள கால்சியத்தைக் குறைப்பதில்லை. ஸ்கேனில் தமனிச் சுவரில் தெரியும் கால்சியப் படிவு வேறு விஷயம், அதை இந்த மருந்து கரைக்காது.)

சேனல்களின் வேலையை ஆய்வுக்கூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். பன்றியின் கரோனரி தமனியிலிருந்து சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளையம் வெட்டி, உள்ளே இரண்டு மெல்லிய கம்பிகளைக் கோத்து, 37 டிகிரி உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். ஆக்சிஜன் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கம்பி அசையாமல் நிற்கும், மற்றது இழுவிசையை அளக்கும் கருவியோடு சேர்ந்திருக்கும். பொட்டாசியம் குளோரைடு சேர்த்ததும் திரையில் கோடு மேலே ஏறும். வளையம் இறுகுகிறது என்று அர்த்தம் (வெளியே பொட்டாசியம் கூடினால் கால்சியம் சேனல்கள் திறந்துகொள்ளும்). கால்சியம் சேனலை அடைக்கும் நிஃபெடிபின் விட்டால் கோடு மெல்லச் சரிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். இதுவரை பாடப்புத்தகத்தில் உள்ளபடியே. அப்புறம் இன்னொரு வளையத்தை எடுத்து, முன்கூட்டியே சற்று இறுக்கிவைத்து, நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை விட்டுப் பாருங்கள். நாயின் தமனி என்றால் தளரும். பன்றியின் தமனி என்றால் இன்னும் இறுகும். மனிதரில் எப்படி? 1986இல் நோயாளிகளின் இதயத் தமனிக்குள்ளேயே இந்த மருந்தைச் செலுத்திப் படமெடுத்துப் பார்த்தார்கள். நலமான தமனி விரிந்தது, கொழுப்புப் படிந்த தமனி ஒடுங்கியது. ஆக, விலங்கு மாறினாலும் விடை தலைகீழாகும், நோய் வந்தாலும் தலைகீழாகும்.

செய்திகளில் "எலி" என்று வருவது பெரும்பாலும் சுண்டெலி. வேகமாகப் பெருகும், ஒரே ஒரு மரபணுவை நீக்கிப் பார்க்கலாம், அதனால் ஆய்வாளர்களுக்குப் பிரியம். பலனும் உண்டு. கேவி 1.5 என்ற பொட்டாசியம் சேனல் இல்லாத சுண்டெலிகளில், இதயம் கடுமையாக உழைக்கும்போது ரத்த ஓட்டம் தேவைக்கு ஏற்ப உயரவில்லை என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. குழாயில் அடைப்பே இல்லாமல் நெஞ்சுவலி வருகிறவர்களைப் பற்றி யோசிக்க அது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் நம் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப நம்பியிருக்கும் பொட்டாசியம் சேனல்கள் வேறு, சுண்டெலிக்கு முக்கியமானவை வேறு. மரபணு மாற்றிய சுண்டெலிகளில் கொழுப்புப் படிவு வருகிறதே என்றால், அது முக்கியமாக மகாதமனியின் அடிப்பகுதியில்தான் வருகிறது, கரோனரி தமனியில் அரிது. "எலியின் இதய அடைப்பு கரைந்தது" என்ற தலைப்பைப் பார்த்தால் எனக்கு முதலில் எழும் சந்தேகம் இதுதான். முயல் இந்த விஷயத்தில் கொஞ்சம் நெருங்கி வரும். ஜப்பானின் வதனபே முயல்களுக்கு மனிதரின் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயை ஒத்த குறைபாடு பிறவியிலேயே உண்டு.

இவற்றில் பன்றிதான் நமக்கு மிக அருகில். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் ஒஸ்ஸபா என்றொரு தீவு. ஸ்பானியர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற பன்றிகளின் வழிவந்தவை அங்கே காட்டில் வாழ்கின்றன. பஞ்ச காலத்தைத் தாங்கிப் பழகிய உடம்பு. ஆய்வுக்கூடத்தில் கொழுப்பு மிகுந்த தீனியை நிறையக் கொடுத்தால் உடல் பருக்கிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கரோனரி தமனியிலேயே படிவு வருகிறது. பன்றித் தமனிகளில் நடந்த ஆய்வுகள் காட்டிய முக்கியமான விஷயம், சுவரில் காயம் பட்டால் மென்தசைச் செல் தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது என்பது. சுருங்குவதை விட்டுப் பெருக ஆரம்பிக்கிறது. எல்-வகைக் கால்சியம் சேனல் குறைகிறது, நலமான செல்லில் அதிகம் தென்படாத ஒரு பொட்டாசியம் சேனல் கூடுகிறது. அதைத் தடுக்கும் ட்ராம்-34 என்ற பொருளைப் பலூனில் பூசித் தமனிக்குள் வைத்தபோது மறுஅடைப்பு குறைந்தது என்று 2008இல் பன்றிகளில் காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் இதயக் குழாய்க்கான மருந்தாக அது இன்னும் நோயாளிகளிடம் வரவில்லை.

சரி, அந்தச் சர்க்கரை மாத்திரைக்கு வருவோம். 1986இல் நாய்களில் ஒரு வியப்பான சோதனை நடந்தது. தமனியை 5 நிமிடம் அடைத்துத் திறப்பதை நான்கு முறை செய்துவிட்டு, பிறகு 40 நிமிடம் அடைத்தால், இறந்துபோகும் தசை வழக்கத்தில் கால் பங்குதான் இருந்தது. செல்லில் ஆற்றல் குறையும்போது திறக்கும் ஒரு பொட்டாசியம் சேனலுக்கு இந்தப் பாதுகாப்பில் பங்கு உண்டு என்று பின்னர் தெரிந்தது. அதே குடும்பத்துச் சேனல் கணையத்திலும் இருக்கிறது. அதை மூடித்தான் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் இன்சுலினைச் சுரக்கவைக்கின்றன. அந்த மருந்தைக் கொடுத்த நாய்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அலைபேசிச் செய்தியின் வேர் இங்கேதான்.

அதிலிருந்து "என் மாத்திரை மாரடைப்பைத் தரும்" என்ற முடிவுக்குப் போக நடுவில் நிறையத் தாண்ட வேண்டும். அதே வகையைச் சேர்ந்த கிளிமெபிரைடை இன்னொரு சர்க்கரை மருந்தோடு ஒப்பிட்டு, 6,000க்கும் மேற்பட்டவர்களை ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த கரோலினா ஆய்வு 2019இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை சட்டென்று தாழ்வது கிளிமெபிரைடில் அதிகம் இருந்தது, அந்தக் கவலை நியாயமானது. கிளிபென்கிளமைடும் கிளிமெபிரைடும் ஒன்றல்ல என்பதும் உண்மை. மாற்று மருந்து கேட்கலாம், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேட்கும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். கட்டுப்பாடு இழந்த சர்க்கரை இதயத் தமனிக்குச் செய்யும் கெடுதலுக்கு எந்தச் செய்தியும் ஈடுகட்டாது.

விலங்குச் சோதனை முன்கூட்டிச் சொல்லாத சங்கதிகளும் உண்டு. இதே பொட்டாசியம் சேனலைத் திறந்து நெஞ்சுவலியைக் குறைக்கும் நிக்கோராண்டில், சிலருக்கு வாயிலும் ஆசனவாயிலும் ஆறாத புண்ணை உண்டாக்குகிறது. நோயாளிகள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் இது கவனத்துக்கு வந்தது. புண்ணுக்கு வைட்டமின், களிம்பு என்று மாதக்கணக்கில் அலைந்துவிட்டு வருகிறார்கள். அது நெஞ்சுவலி மாத்திரையால் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நிக்கோராண்டில் எடுப்பவருக்கு இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், மருந்துச் சீட்டோடு இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.