விடுகால்: 'லெக் டேங்கிள்' என்னும் பந்தயச் சொல்லுக்குத் தமிழ்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், நேர்ப்பாதையின் முடிவில் முழு விசையோடு பிரேக் பிடித்தபடி வளைவை நெருங்கும் ஓட்டுநர், வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக் காலை ஃபுட் ரெஸ்ட்டிலிருந்து எடுத்து, தரையில் படாதவாறு வெளியே விட்டுவிடுவதை ஆங்கிலத்தில் 'லெக் டேங்கிள்' என்கிறார்கள். வண்டியைச் சாய்க்கத் தொடங்கும்போது அந்தக் கால் மறுபடியும் ஃபுட் ரெஸ்ட்டில் அமர்ந்துவிடும். அதற்குப் பின்னரே முழங்கால் விரிந்து தரையை உரசும். ஆகவே இது வளைவுக்கு முன்பாக, வண்டி பெரும்பாலும் நிமிர்ந்திருக்கும்போது நிகழும் செயல். வளைவின் நடுவில் முழங்காலைத் தரையில் தேய்ப்பது வேறொரு உத்தி. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது எளிதில் நேரும் பிழை.

இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்ற எண்ணம் காட்பாடியில், நான் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் சிறிய மெக்கானிக் கடையில் எனக்குத் தோன்றியது. 2023 செப்டம்பரில் டெல்லிக்கு அருகிலுள்ள புத் ஓட்டக்களத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலக உச்சப் பிரிவான மோட்டோ ஜிபியின் முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது, கடையிலிருந்த இளைஞர்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் ஒருவர் வளைவை நெருங்கியதும், அவர்களுள் ஒருவர் கடைக்காரரிடம், "கால வுட்டான் பாருண்ணா" என்றார். அந்தக் கூட்டத்தில் எவருக்கும் ஆங்கிலச் சொல் தேவைப்படவில்லை. எழுதுவதற்கு அமரும் நமக்குத்தான் அது தேவைப்படுகிறது என்பது அன்று எனக்கு உறைத்தது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். கால் என்று பொருள்படும் 'லெக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. பழைய நார்ஸ் மொழியின் 'லெக்ர்' என்பதிலிருந்து 13ஆம் நூற்றாண்டின் முடிவில் வந்து சேர்ந்து, அதுவரை வழங்கிய 'ஷாங்க்' என்னும் சொல்லை ஓரம் தள்ளியது. 'டேங்கிள்' அதற்கு 300 ஆண்டுகள் கழித்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் தென்படுகிறது. தளர்வாகத் தொங்கி ஆடுதல் என்பது அதன் பொருள். டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளில் அதை ஒத்த வினைகள் இருப்பதால் அதுவும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதுகிறார்கள். ஸ்பானிய மொழியில் பந்தயம் பற்றி எழுதுவோர் தொங்குதலைப் பற்றிப் பேசுவதில்லை. 'காலை வெளியே எடுத்தல்' என்று பொருள்படும் தொடரையே ஆளுகிறார்கள். இந்த வேறுபாடு பின்னால் நமக்கு உதவும்.

உத்தியின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிக்கப்படும் நாள் 2005 ஏப்ரல் 10. அன்று ஸ்பெயினின் ஹெரெஸ் ஓட்டக்களத்தில் அந்த ஆண்டின் முதல் மோட்டோ ஜிபி பந்தயம் நடந்தது. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் இத்தாலியின் வாலண்டினோ ரோஸ்ஸி, முன்னால் சென்ற செட்டே ஹிபெர்னாவின் உட்பக்கமாக நுழைந்தார், இருவர் வண்டிகளும் மோதிக்கொண்டன, ரோஸ்ஸி வென்றார். அந்தப் பந்தயத்தில் அவர் விட்ட கால்தான் இந்த உத்தியின் முதல் காட்சி என்கிறார்கள். ரோஸ்ஸிக்கு 'டாக்டர்' என்னும் பட்டப்பெயர் இருந்ததால் 'டாக்டர் டேங்கிள்' என்ற பெயரும் வழங்கியது. சில ஆண்டுகளுக்குள் பிற ஓட்டுநர்களும் இதைக் கைக்கொண்டார்கள், இன்று இளையோர் பிரிவுகளில்கூட இதைக் காணலாம். ரோஸ்ஸி 2021இன் முடிவில் ஓய்வு பெற்றார். அவர் விட்ட கால் ஓய்வு பெறவில்லை.

எதற்காகக் காலை விடுகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ரோஸ்ஸியே தமக்கு அது இயல்பாக வந்தது என்பதற்கு மேல் உறுதியான காரணம் எதையும் முன்வைக்கவில்லை. ஆனால் பொருள் தெரியாமல் சொல் படைக்க முடியாது என்பதால், இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மோட்டோ ஜிபி வண்டிகள் நேர்ப்பாதையில் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டுகின்றன. 2023இல் இத்தாலியின் முஜெல்லோவில் தென்னாப்பிரிக்க ஓட்டுநர் பிராட் பைண்டரின் வண்டி 366.1 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்த வேகத்தைச் சில நொடிகளுக்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் என்ற அளவுக்குக் கொண்டுவரும்போது, எடை முழுவதும் முன்சக்கரத்தின் மேல் வந்து விழுகிறது. பின்சக்கரம் தரையை ஒட்டியும் ஒட்டாமலும் மிதக்கிறது. புவியீர்ப்பைப் போல் ஒன்றரை மடங்கு விசையோடு வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 65 கிலோ எடையுள்ள ஓட்டுநரை ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான விசை முன்னோக்கித் தள்ளும். அதைக் கைகளால் தாங்கினால் ஹேண்டில்பார் இறுகிப்போய் வண்டி திரும்ப மறுக்கும். எனவே ஓட்டுநர் இருக்கையின் பின்பக்கத்துக்கு நகர்ந்து, உடலை நிமிர்த்தி, மார்பைக் காற்றுக்குக் காட்டி, தொடைகளால் டேங்கை இறுக்கிப் பிடிக்கிறார். பிரேக் பிடிக்கும்போது உடலை வைத்துக்கொள்ளும் முறையின் அடிப்படை இதுதான். வளைவின் பக்கத்துக் காலை எடுத்துவிட்டால் டேங்கைப் பிடித்திருக்கும் இரண்டு தொடைகளில் ஒன்று போய்விடும். முழுப் பிடியும் வெளிப்பக்கத் தொடைக்கு மாறும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இலகுவாகத் தெரியும் இந்தச் செயல், மறுபக்கத்துக் காலுக்கு இரட்டிப்பு வேலை வைக்கிறது.

காற்றின் எதிர்ப்பைக் கூட்டி வேகத்தைக் குறைக்கவே கால் விடப்படுகிறது என்பது பலர் சொல்லும் விளக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேகம் பாதியானால் காற்றின் எதிர்ப்பு நான்கில் ஒன்றாகிவிடும். வளைவை நெருங்க நெருங்க அந்த உதவி தேய்ந்துகொண்டே போகிறது. கால் மட்டும் அப்போதும் வெளியேதான் இருக்கிறது. ஆகவே காற்று முழு விடையாக இருக்க முடியாது. தமிழில் 'கால்' என்பதற்குக் காற்று என்றும் பழைய பொருள் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்; காலைக் காலுக்கு எதிரே விடுவது என்று சங்கப் புலவர் ஒருவர் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

எடையின் மையத்தைத் தாழ்த்துகிறது என்பது இன்னொரு விளக்கம். மனிதனின் ஒரு கால் உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 65 கிலோ ஓட்டுநருக்கு அது 10, 11 கிலோ வரும். வண்டியும் ஆளும் எரிபொருளும் சேர்ந்து 240 கிலோ என்று கொண்டு, காலின் எடை மையம் 20 சென்டிமீட்டர் இடம் மாறுவதாகக் கணக்கிட்டால், மொத்த எடை மையம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பின்சக்கரம் மிதந்து பக்கவாட்டில் நழுவப் பார்க்கும் நேரத்தில், கம்பியில் நடப்பவர் கையை விரிப்பதைப் போல, அந்தச் சிறு மாற்றமே போதுமானதாக இருக்கலாம். எனக்கு மிகப் பொருத்தமாகப் படுவது மூன்றாவது விளக்கம்: சாய்வதற்கு முன்பே உடலை உட்பக்கமாக நகர்த்த வேண்டியிருக்கிறது, ஃபுட் ரெஸ்ட்டில் கால் பூட்டியிருந்தால் இடுப்பு எளிதில் நகராது, காலை விட்டுவிட்டால் இடுப்பும் விடுபடுகிறது. அதாவது செயலின் உயிர், கால் எங்கே தொங்குகிறது என்பதில் இல்லை. எதை விட்டு நீங்குகிறது என்பதில் இருக்கிறது.

இந்த நீக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. வலக்கால் பின்பிரேக்குக்கு உரியது, இடக்கால் கியருக்கு உரியது. வலப்பக்க வளைவுக்கு முன் காலை விட்டால் மிதிபிரேக் போய்விடும். இடப்பக்க வளைவுக்கு முன் விட்டால் கியரைக் குறைப்பதற்கு முன்னும் பின்னும் நேரம் பார்த்தே விட வேண்டும். இதற்கு மாற்றாகப் பந்தய வண்டிகளில், கைப்பிடியின் இடப்பக்கத்தில் கட்டைவிரலால் இயக்கும் பின்பிரேக் உண்டு. 1992இல் நெதர்லாந்தின் அஸ்ஸனில் ஆஸ்திரேலிய ஓட்டுநர் மிக் டூஹன் வலக்காலில் கடுமையாக அடிபட்ட பிறகு அவருக்காகப் பொருத்தப்பட்டதால் புகழ்பெற்ற அது, இன்று இரண்டு கால்களும் நலமாக உள்ளவர்களுக்கும் பயன்படுகிறது.

இனித் தமிழுக்கு வரலாம். 'கால் ஊன்றல்' என்று சிலர் சொல்லக்கூடும், அது தவறு. மண் ஓட்டக்களத்தில் நடக்கும் ஸ்பீட்வே பந்தயத்தில் இடக்காலுக்கு எஃகு அடியிட்ட காலணி அணிந்து தரையில் உரசியபடியே செல்கிறார்கள். மோட்டோகிராஸிலும் காலை முன்னால் நீட்டி, தேவைப்பட்டால் ஊன்றுகிறார்கள். மழை பெய்த மறுநாள் பாலாற்றங்கரை மண்பாதையில் நாம் அனைவரும் செய்வதும் ஊன்றல்தான். இங்கே பேசப்படுவதோ தரையைத் தொடாத கால். 'கால்நீட்டல்' என்றால், படுத்து ஓய்வதும் உயிர் நீத்தலும்தான் நம் வழக்கில் முதலில் நினைவுக்கு வரும். 'கால்வீச்சு' உதைப்பதைப் போல் ஒலிக்கிறது.

தொங்குதலுக்குப் பழந்தமிழில் 'நால்' என்னும் வேர் உண்டு. தொங்கும் வாயை உடையதால் யானைக்கு 'நால்வாய்' என்று பெயர். அழகான வேர்தான். ஆனால் அதைக் கொண்டு 'நாலுகால்' என்று படைத்தால் எல்லாரும் நான்கு கால்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். தவிர, அந்த வேர் பேச்சில் இன்று உயிரோடிருப்பது தூக்கிட்டுக்கொள்வதைக் குறிக்கும் 'நாண்டுகிட்டு' என்பதில் மட்டுமே என்று தோன்றுகிறது. ஓடுகளத்துக்கு அந்த நிழல் வேண்டாம்.

'தொங்குகால்' என்பதை நான் நீண்ட நாள் மனத்தில் வைத்திருந்தேன். தொங்குபாலம், தொங்குமீசை என்ற வரிசையில் அது இயல்பாக அமர்கிறது. பொருளும் உடனே விளங்குகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பெயர்ப்பு என்ற அளவில் அதில் குறையில்லை. குறை ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. அந்தக் கால் தளர்ந்து தொங்குவதில்லை; எதிர்க்காற்றை மீறி இடுப்புத் தசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவரின் சொல் 'டேங்கிள்'. ஓட்டுபவரின் சொல்லாக எனக்குக் கிடைத்தது காட்பாடிக் கடையில் கேட்ட அந்த வினைதான்.

எங்கள் வட ஆர்க்காட்டுப் பேச்சில் 'விடு' என்பது 'வுடு' என்று ஒலிக்கும். "கால வுட்டான்" என்பதை எழுத்தில் காலை விட்டான் என்று ஆக்கி, பெயர்ச்சொல்லாக்கினால் 'விடுகால்' கிடைக்கிறது. விட்ட கால், விடுகின்ற கால், விடும் கால் என்று மூன்று காலத்துக்கும் பொதுவான வினைத்தொகை அது. ஆகவே நடுவில் வல்லெழுத்து மிகாது, 'விடுக்கால்' என்று எழுதலாகாது. கட்டப்படாத உதிரிப்பூவைப் பழந்தமிழில் 'விடுபூ' என்பார்கள். நாரிலிருந்து நீங்கிய பூவைப் போல ஃபுட் ரெஸ்ட்டிலிருந்து நீங்கிய கால் இது. 'விடு' என்பதற்கு உள்ளே நுழைத்தல் என்ற எதிர்ப்பொருளும் உண்டே, சேற்றில் காலை விட்டான் என்கிறோமே என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நியாயமான வாதம். ஆயினும் அந்தப் பொருள் வருவதற்குச் சேற்றில், வம்பில் என்று ஏழாம் வேற்றுமை ஒன்று முன்னால் வேண்டும். தனித்து நிற்கும் விடுகாலுக்கு அது ஒட்டாது. 'வளைவுக்கு 100 மீட்டர் முன்பே விடுகால் காட்டினார்', 'விடுகாலோடு உட்பக்கம் நுழைந்தார்', 'வலப்பக்கத்துக்கு மட்டும் காலை விடுகிறார்' என்றெல்லாம் தயக்கமின்றி எழுத முடிகிறது.

பெயர் வைத்ததாலேயே ஏலகிரி மலைப்பாதையில் இதைச் செய்து பார்க்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். கம்பர் வளைவிலும் பாரி வளைவிலும் காலை விட்டுச் செல்லும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறியிருக்கிறேன். சாலை வேகத்தில் பின்சக்கரம் மிதப்பதில்லை. விடுகாலால் தீர்வதற்கு அங்கே சிக்கலே இல்லை. நம் வண்டிகளில் கட்டைவிரல் பிரேக்கும் கிடையாது. இறக்கத்தில் வலப்பக்க வளைவுக்கு முன் காலை விடுபவர் பின்பிரேக்கையும் சேர்த்தே விடுகிறார். உத்தியை உரிய இடத்தில் காண விரும்புவோருக்கு, வேலூரிலிருந்து சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே, இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓட்டக்களம் இருக்கிறது.

ஒரு சொல் இன்னும் மீதமிருக்கிறது. விட்ட கால் ஃபுட் ரெஸ்ட்டுக்குத் திரும்பும் அந்த நொடிக்கு நான் படித்த ஆங்கில விளக்கங்களில் தனிப் பெயர் எதையும் காணவில்லை. அது தாமதமானால் சாய்வு தாமதமாகும், முந்தினால் விட்டதன் பயன் குறையும். ஓட்டுநரின் தேர்ச்சி தெரிவதே அங்குதான். சென்ற மாதம் கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே, "கால சேத்துட்டான்னு சொல்லுவோம் சார்" என்றார். 'கால்சேர்ப்பு' என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.