லைக்கைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

இந்தக் கிழமையும் ஒருவர் வந்தார். முள்ளியவளைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர். வன்னிக் குளங்களைப் பற்றியும் பழைய கமச்செய்கை பற்றியும் தன் வலைப்பூவில் அருமையாக எழுதுகிறார். அவருடைய பேஸ்புக் பக்கத்தில் 11,000 லைக் இருக்கிறது, கடைசிக் கட்டுரையைத் திறந்து பார்த்தவர்களோ 9 பேர். "சனத்துக்கு வாசிக்கிற பழக்கம் விட்டுப்போச்சு தம்பி" என்றார். பின்தொடர்பவர்களின் பட்டியலைத் திறந்து காட்டினேன். பாதிக்கு மேல் முகப்படம் இல்லாத, ஒரு தமிழ் எழுத்தும் இல்லாத கணக்குகள். பக்கத்தை "வளர்த்துத் தருகிறேன்" என்று காசு வாங்கிய ஒருவர் ஏற்றிவிட்டுப் போனவை.

இணையத்தில் எழுதுபவர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் பக்கம் நடத்திக் கொடுப்பது என் தொழில். பரந்தனில், மாங்குளத்தில், புதுக்குடியிருப்பில் என்று எங்கே போனாலும் இதே கதைதான், இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

வாங்கிய லைக்கால் பிரயோசனம் இல்லை என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் "இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்கிறவனுக்கு ஒரு மதிப்பாக இருக்கும்" என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகாது, அதுதான் பிரச்சினை. நீங்கள் ஒன்றைப் போட்டதும் பேஸ்புக் அதை உங்களைப் பின்தொடர்கிற எல்லோருக்கும் காட்டுவதில்லை. முதலில் ஒரு சிறு பகுதியினருக்குக் காட்டுகிறது, அவர்கள் நின்று வாசித்தால், கொமென்ட் எழுதினால், பகிர்ந்தால் மேலும் பலருக்குக் கொண்டுபோகிறது. அந்தச் சிறு பகுதியில் பாதிப்பேர் ஆளே இல்லாத கணக்குகள் என்றால் அந்தப் பாதியில் ஒருவரும் அசையமாட்டார்கள், இது யாருக்கும் வேண்டாத பதிவு என்று அது முடிவெடுத்துவிடும். உங்கள் ஊர்ப் பிள்ளை, கனடாவில் இருக்கிற உங்கள் பழைய மாணவி, உண்மையாகவே வாசிக்க ஆசைப்பட்ட ஆள், அவர்களுடைய போனுக்கு அது போகவே போகாது. காசு கொடுத்து உங்கள் வாசகரை நீங்களே மறைத்திருக்கிறீர்கள். போதாதற்கு, போலிக் கணக்குகளை அந்த நிறுவனமே அவ்வப்போது அழிக்கிறது, அப்போது எண்ணிக்கையும் சரிகிறது.

ஆசிரியருக்கு நான் சொன்னது இதுதான்: அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள், புதிதாக ஒன்று தொடங்குங்கள், 200 பேர் போதும், ஆனால் 200 பேரும் ஆட்களாக இருக்கட்டும்.

சரி, ஆட்களை எப்படிச் சேர்ப்பது? முதலில், வெறும் இணைப்பை மட்டும் போடுவதை நிறுத்துங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் பேஸ்புக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் மட்டும் டேட்டா தருகிற பெக்கேஜ்தான் போடுகிறார்கள். வெளி இணைப்பை அழுத்தினால் அது திறக்காது, அல்லது மீதிக் காசை வெட்டும். அதனால் கட்டுரையின் உயிரான பகுதியைப் பதிவிலேயே எழுதுங்கள், வாசித்தவர் ஏதாவது பெற்றுக்கொண்டு போகட்டும், முழுவதும் வேண்டுமென்றவருக்கு இணைப்பு கீழே இருக்கட்டும். கடைசியில் அவர்களுக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஆசிரியர் ஒருமுறை "உங்கள் ஊரில் சூடடிப்புக்கு முன்னர் களத்தில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருந்தார். அந்தப் பதிவின் கீழே மட்டும்தான் உண்மையான மனிதர்கள் எழுதியிருந்தார்கள், அவர்களில் ஒருவருக்குக்கூட அவர் பதில் எழுதவில்லை. ஐயா, பதில் எழுதுங்கள்! அடுத்த கட்டுரையை ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை.

வட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஒன்று. ஊர்க் குழுவில் மரண அறிவித்தல் வந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே "என் புதிய கட்டுரை, வாசித்துப் பகிரவும்" என்று இணைப்பு. நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தக் குழுவில் உங்கள் பெயரே கெட்டுப்போகும். குழுக்களை விட வட்ஸ்அப் சனல் நல்லது, விரும்பியவர் மட்டும் வருவார், வாசகர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது, உங்கள் நம்பரும் தெரியாது. பெண்கள் எழுதுவதென்றால் நான் முதலில் சனலைத்தான் சொல்வேன்.

நேரத்தையும் பாருங்கள். இரவு 9.30க்குப் போட்டால், கோடைகாலத்தில் லண்டனில் பின்னேரம் 5 மணி, ரொறன்ரோவில் நண்பகல் 12. காலை 7 மணிக்குப் போட்டால் லண்டன் நித்திரை. அதேபோல, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைப் பற்றிய கட்டுரையை வைகாசியில், பொங்கலுக்கு முதல் கிழமை போடுங்கள், சனம் அப்போதுதான் தேடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற நாளில் அதன் வரலாற்றை எழுதியவரிடம் எல்லோரும் வருவார்கள். எழுதியதை வைத்திருந்து, உரிய நாளில் திரும்பவும் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, இது எங்கள் ஊர்ப்பக்கத்துக்கே உரிய வருத்தம். அச்சகப் பழக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, படமாக்கிப் போடுகிறார்கள். படத்துக்குள் இருக்கிற கட்டுரையைத் தேடி எடுப்பது பெரும்பாடு, கண் தெரியாதவரின் போனும் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டாது. எந்தப் போனிலும் எழுத்தாகவே தெரிகிற யுனிகோட்டில் அடியுங்கள். கை பாமினிக்குப் பழகியிருந்தால் அதே விசை அமைப்பில் யுனிகோட் தருகிற மென்பொருள் இருக்கிறது, புதிதாக எதுவும் பழகத் தேவையில்லை.

பூஸ்ட் (காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டுவது) செய்யத்தான் வேண்டுமென்றால் இடத்தையும் மொழியையும் நீங்களே தெரிவுசெய்யுங்கள். இலங்கை முழுவதும் என்று விட்டால் தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கும் உங்கள் காசில் காட்டும். நோக்கம் என்ற இடத்தில் லைக்கை விட்டு, தளத்துக்கு ஆட்களை அனுப்புவதைத் தெரிவுசெய்யுங்கள். அப்புறம் வலைப்பூவின் புள்ளிவிபரத்தில் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள், கிழமைக்கு ஒருமுறை போதும். எந்த வழியால் ஆள் வருகிறதோ அதில் நேரத்தைப் போடுங்கள், மற்றதை விடுங்கள். டிக்டொக், இன்ஸ்டகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் நிற்க வேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை.

கடைசியாக, யார் உதவி செய்ய வந்தாலும், நான் வந்தாலும், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். பதிவு போடுகிற அளவுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம், முழுக் கட்டுப்பாடு உங்களிடமே இருக்கட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற இரண்டு படிப் பாதுகாப்பை இன்றே போடுங்கள். "உங்கள் பக்கம் 24 மணித்தியாலத்தில் நீக்கப்படும்" என்று மெசெஞ்சரில் வருகிற இணைப்பை அழுத்தவே வேண்டாம். சந்தேகமென்றால் போனைக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.