சந்தைக்கு யார் போவீங்க?

ஆள் கடத்தல் என்றால் பலருக்கும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதுதான் நினைவுக்கு வருகிறது. வட மாவட்டங்களில் கொத்தடிமை மீட்புப் பணியில் நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானோர் தாங்களாகவே லாரி ஏறிப் போனவர்கள். மழைக்காலத்தில் வேலை இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இல்லையென்றால் வீட்டில் ஒரு சாவு விழும். அந்த நேரம் பார்த்து, சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வந்து இருபதாயிரத்தை முன்பணமாகக் கையில் கொடுப்பார். தை பிறந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான்.

இதுவும் ஆள் கடத்தல்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு (2024 ஜூலைக்கு முன் இந்திய தண்டனைச் சட்டம் 370) என்ன சொல்கிறது? சுரண்டும் நோக்கத்தில் ஆசை காட்டியோ ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதும், கூட்டிப்போவதும், வைத்திருப்பதும் குற்றம். அவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்தச் சட்டமெல்லாம் தெரிந்தே நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சூளைக்கு ஆய்வுக்குப் போனோம். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "இங்க யாராவது கொத்தடிமையா இருக்கீங்களா?" என்று கேட்டோம். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார். "இல்லீங்க சார், நல்லாத்தான் இருக்கோம்" என்றார்கள். நானும் அதையே எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். கை நிறைய ஈர மண்ணோடு ஒரு அம்மா மட்டும் ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சில மாதம் கழித்து அவரை அவர் ஊரில் பார்த்தேன். "என் பையன் அப்போ முதலாளி வூட்டாண்ட இருந்தான்மா. நீங்க ஜீப்புல போயிடுவீங்க, நாங்க அங்கதானே இருக்கணும்" என்றார். அன்றைக்குக் கேட்ட கேள்வியும், கேட்ட இடமும், கேட்ட விதமும் எல்லாமே பிசகு.

இப்போதெல்லாம் கொத்தடிமை என்ற சொல்லையே நான் எடுப்பதில்லை. முதலாளி, மேஸ்திரி கண்ணில் படாத இடத்தில், பெண்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவேன்.

"வாரச் சந்தைக்கு யார் போவீங்க?"

"ஒரு வாரம் அவரு, ஒரு வாரம் நானு."

"ரெண்டு பேரும் சேர்ந்து போக மாட்டீங்களா?"

"அதெப்படிக்கா விடுவாங்க?"

இந்த இடத்தில்தான் விஷயம் வெளியே வரும். ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் சூளையில் ஈடாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் கேட்கலாம். ஊரில் சாவு என்றால் விடுவார்களா? கணக்கு நோட்டும் ஆதாரும் யாரிடம் இருக்கிறது? மண் குழைக்க ராத்திரி எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு, வாரச் செலவுக்கு எவ்வளவு? கூலி எவ்வளவு என்பது சும்மா கேட்கும் கேள்வி அல்ல. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம், "வாங்கின காசைக் கட்டாம எப்படிக்கா வர்றது?" என்று அவர்கள் கேட்பதுதான். அந்த நேர்மையைத்தான் முதலாளி பூட்டாக்கிப் பூட்டி வைத்திருக்கிறார். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் கொடுத்தவர்தான். இதை ஒரே நாளில் யாரும் நம்புவதில்லை. மூன்று நாலு முறை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

மீட்டவர்களோடு போட்டோ எடுத்து, வேனில் ஏற்றி, ஊரில் இறக்கிவிட்டுத் திரும்புவதை மீட்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட விடுதலைச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். அது இருந்தால்தான் அரசின் மறுவாழ்வுத் தொகையில் 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவியைக் கேட்க முடியும். மீதித் தொகை, கொத்தடிமையாக இருந்தது நிரூபணமான பிறகுதான் வரும். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும். நடுவில் அடுத்த மழைக்காலம் வந்துவிடுகிறது. சூளைக்குப் போகும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றுக்கு மனைப் பட்டா கிடையாது, ஏரிக்கரையில்தான் குடிசை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் படிப்பு உதவியும் நின்றுபோகும். பழைய மேஸ்திரிக்கு அந்தக் குடிசைக்கு வழி தெரியும். அதனால் சான்றிதழ் வாங்கிய கையோடு ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, பட்டா மனு என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே அலைகிறோம். என் வேலையில் பெரும்பங்கு இந்த அலைச்சல்தான்.

பள்ளி நாளில் சூளையில் கல் புரட்டும் பிள்ளையையோ, வயலில் வாத்து மேய்க்கும் பிள்ளையையோ பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. முதலாளியிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அவர் பார்க்கும்படி போட்டோவும் எடுக்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தையே வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். போனில் சொல்லும்போது சூளைக்குப் போகும் வழி, எத்தனை குடிசை, எத்தனை பிள்ளைகள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.