லேத்துக்குப் பின்னால் உளி மாட்டாதீர்கள்

மரக் கடைசல் பட்டறைகளில் பெரும்பாலும் உளிகளுக்கென்று தனி இடம் இருக்காது. கட்டையைச் சுழற்றும் லேத்தின் பெட் மேல், அதாவது அதன் நீண்ட அடித்தளத்தின் மேல், இரண்டு கிடக்கும், ஸ்டூலில் ஒன்று, சீவல் குவியலுக்குள் ஒன்று. கொஞ்சம் ஒழுங்கான பட்டறை என்றால், லேத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் பலகை அடித்து வரிசையாக மாட்டியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். படம் எடுத்துப் போட்டால் பாராட்டும் கிடைக்கும். இரண்டில் எது அதிக ஆபத்து என்று கேட்டால் நான் அந்தச் சுவரைத்தான் சொல்வேன்.

நமக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. உளி மாற்ற வேண்டுமென்றால் சுழலும் கட்டைக்கு மேலே கையை நீட்டித்தான் ஆக வேண்டும். 10 அங்குல விட்டமுள்ள ஒரு கிண்ணம் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முழுக்கைச் சட்டையின் நுனி, தோளில் கிடக்கும் துண்டு, குனிந்தால் முன்னால் தொங்கும் சங்கிலி, தாலிக்கொடி, துப்பட்டா என்று ஏதாவது ஒன்று அதில் பட்டால் போதும், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. சதுரக் கட்டை இன்னும் மோசம். சுழலும்போது அதன் மூலைகள் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் உள்ள உருளை மட்டும்தான் தெரியும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. விரிசல் உள்ள கட்டையோ பசை போட்டு ஒட்டிய கட்டையோ பிய்ந்தால், அது சுழலும் அச்சுக்குக் குறுக்காகத்தான் பறக்கும். அதாவது கட்டைக்கு நேர் முன்னால், நேர் பின்னால், நேர் மேலே. லேத்தை ஆன் செய்யும்போது அந்தக் கோட்டை விட்டு ஒதுங்கி நில் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கிறோம். அப்புறம் பின்சுவரில் உளியை மாட்டி, ஒவ்வொரு முறையும் முகத்தைக் கொண்டுபோய் அதே கோட்டில் நீட்ட வைக்கிறோம்.

"நிறுத்திவிட்டு எடுத்தால் போயிற்று" என்பார்கள். சரி, ஒரு மேஜைக் கால் கடைவதைப் பாருங்கள். கௌஜ் என்ற குழிந்த உளியை வைத்துக் கட்டையை உருட்ட வேண்டும். பார்ட்டிங் என்ற மெல்லிய உளியால் அளவு வெட்டி, கனம் அளக்கும் காலிப்பரில் பார்க்க வேண்டும். ஸ்கியூ என்ற சாய்ந்த முனை உளியை எடுத்து மணி போல உருண்ட வளையம் போட வேண்டும், மறுபடி கௌஜுக்கு வர வேண்டும். கூலி காலுக்கு இவ்வளவு என்று பேசியிருக்கும்போது, நாலு கால் முடிப்பதற்குள் ஒவ்வொரு தடவையும் எவரும் நிறுத்த மாட்டார்கள். நானும் நிறுத்துவதில்லை. ஆகவே இங்கே அறிவுரைக்கு வேலை இல்லை. கைக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் கை எடுக்கும். அந்தப் பக்கத்தைத்தான் நாம் மாற்ற முடியும்.

உளி ஸ்டாண்டுக்குச் சரியான இடம், கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் இருக்கும் முனைதான். வலதுகைக்காரர் லேத்தைப் பார்த்து நின்றால் அது வலப்பக்கம், அரை அடி எடுத்துவைத்தால் எட்டும் தூரம். அங்கே நின்று எடுத்தால் கை எதையும் தாண்ட வேண்டியதில்லை. இடம் குறைவான பட்டறைக்குச் சக்கரம் வைத்த சின்ன ஸ்டாண்டு நல்லது. கிண்ணம் கடையும்போது டெயில் ஸ்டாக்கை நகர்த்திவிட்டு நாம் நிற்கும் இடமும் மாறும், ஸ்டாண்டையும் கூடவே தள்ளிக்கொள்ளலாம். உயரத்துக்குப் பெரிய கணக்கு வேண்டாம். லேத்தின் அச்சு முழங்கை உயரத்தில் இருப்பது வழக்கம், கைப்பிடிகளும் ஏறத்தாழ அங்கேயே நிற்கட்டும். தோளுக்கு மேல் எந்த உளியும் இருக்கக் கூடாது.

பெட் மேல் உளி வைக்கும் பழக்கம் ஏன் போவதில்லை என்று எனக்குப் புரிகிறது. அதைவிடப் பக்கமான இடம் வேறு இல்லை. ஆனால் லேத் ஓடும்போது ஏற்படும் அதிர்வில் உளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். கீழே ரப்பர் செருப்புப் போட்ட கால். கால் தப்பினாலும் முனை தப்பாது. உளி செய்யும் ஹைஸ்பீடு ஸ்டீல் கடினமானது, அதனாலேயே சிமென்ட் தரையில் விழுந்தால் வளையாமல் சில்லாக உடையும். இந்தப் பழக்கத்தை ஒழிப்பதைவிட அதற்கு ஓர் இடம் கொடுத்துவிடுவது சுலபம். பெட்டின் கடைசியில், டெயில் ஸ்டாக்குக்கு வலப்புறம், சுற்றிலும் ஓர் அங்குல விளிம்பு வைத்த மரத் தட்டு ஒன்றைப் பொருத்துங்கள். அந்த நேரத்தில் மாற்றி மாற்றி எடுக்கும் இரண்டு உளிகளுக்கு அது போதும். மூன்றாவது உளி அதில் கொள்ளாத அளவுக்குச் சின்னதாகச் செய்யுங்கள்.

அடுத்தது, முனை மேலேயா கீழேயா என்ற பழைய சண்டை. முனை மேலே பார்த்தால் எது எந்த உளி என்று உடனே தெரியும், சாணை போயிருப்பதும் தெரியும். ஆனால் கண் கட்டையில் இருக்க, கை மட்டும் தேடிப் போகும்போது ஸ்கியூவின் கூர்முனை விரலுக்குக் காத்திருக்கும். நான் முனை கீழே என்ற கட்சி. பிவிசி பைப்பைத் துண்டு போட்டு, வாய் நம்மைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்து ஒரு பலகையில் வரிசையாகத் திருகினால் ஸ்டாண்டு தயார். உளியின் தகடு போகிற, கைப்பிடி போகாத அகலத்தில் பைப்பை எடுங்கள். அப்போது பூண் வைத்த இடம் பைப்பின் வாயில் தடுத்து நிற்கும், முனை எதிலும் இடிக்காமல் உள்ளே இருக்கும். பைப் தகட்டைவிட நீளமாக இருக்கட்டும். அடிப்பக்கத்தை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். அடி மூடிய குழாயும் லேத்துக்குக் கீழே வைத்த இழுப்பறையும் ஒரே வாரத்தில் சீவல் நிரம்பிக் கிடக்கும்.

கைப்பிடி மட்டும்தான் தெரிகிறது என்றால் உளியை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசல்காரருக்கு இது ஒரு கஷ்டமா! கைப்பிடியை நாமேதானே கடைகிறோம். ஸ்கியூவுக்கு ஒரு வடிவம், கௌஜுக்கு ஒரு வடிவம் என்று பிடியின் முடிவைக் கடைந்துவிட்டால் பார்க்காமலே கை சொல்லிவிடும். மேலே அரக்கில் நிற வளையமும் போடலாம். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமானுக்கும் கர்நாடகத்துச் சன்னபட்ணாவில் பொம்மைக்கும் அரக்கு ஏற்றுவார்களே, அதே முறைதான். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், தாழை மடலை வைத்துத் தேய்த்தால் மினுங்கும். என் பட்டறையில் ஸ்கியூவுக்குச் சிவப்பு, பார்ட்டிங் உளிக்கு மஞ்சள். புதிதாகச் சேரும் பையன்கள்கூட அன்றைக்கே பழகிவிடுகிறார்கள்.

காந்தப் பட்டை இப்போது எல்லா இடத்திலும் விற்கிறது. காலிப்பர், ஸ்பேனர் வைக்க ஓகே. உளியை அதில் ஒட்டாதீர்கள். எஃகு காந்தமேறிவிடும், அப்புறம் சாணை பிடிக்கும்போது வரும் இரும்புத்தூள் முழுவதும் முனையிலேயே ஒட்டிக்கொண்டு, கடையும் மரத்தில் கறுப்புக் கோடாக இறங்கும்.

உளியைவிட அதிகம் பயப்பட வேண்டிய பொருள், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்குகிற சாவி. சக்கில் செருகியபடியே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டால் அது எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கயிறு போட்டு லேத்தில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள், சுழலும் இடத்தில் கயிறே இருக்கக் கூடாது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து, அதைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். கொக்கி காலியாக இருந்தால் ஸ்விட்சுக்குப் போகும் கை நின்றுவிடும். ஃபேஸ் ஷீல்டையும் அப்படித்தான், ஸ்விட்சை மறைக்கும்படியே தொங்கவிடலாம். அதை எடுக்காமல் லேத்தை ஓட்டவே முடியாது, எடுத்த பிறகு போட்டுக்கொள்ளத்தானே தோன்றும். ஆனால் நிறுத்துவதற்கான சிவப்புப் பட்டனை மட்டும் எதுவும் மறைக்கக் கூடாது, அது தனியாக டெயில் ஸ்டாக் பக்கத்தில் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும்.

மாஸ்க்கை ஆணியில் திறந்து மாட்டினால் அதன் உட்புறம் முழுக்கத் தூள் படியும், மறுநாள் அதைத்தான் மூக்கில் வைத்துக்கொள்வோம். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தேக்குத் தூள், ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கொடுக்கும். நம் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருமல் வந்தால் பனிக்காற்று என்று சொல்லிவிடுகிறோம்.

லேத்தின் பக்கத்தில் துணி வேண்டாம். பாலிஷ் போடத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு ஓடும் கட்டையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். துணி சிக்கினால் கிழியாது, விரலையும் சேர்த்து இழுக்கும். டிஷ்யூ பேப்பர் சுருள் ஒன்றை அங்கே மாட்டிவிடுங்கள், சிக்கினாலும் கிழிந்துவிடும். துணி தொலைவில் அலமாரியில் இருக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியாக இருந்தால் அலமாரியிலும் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடாகும். சுருட்டிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கூடிக்கூடி, நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடுங்கள்.

சாணை மெஷின் தள்ளியிருந்தால் யாரும் சாணை பிடிக்க மாட்டார்கள், மழுங்கிய உளியை அழுத்தி அழுத்தியே வேலையை ஓட்டுவார்கள். மழுங்கிய உளிதான் மரத்தில் மாட்டி எகிறும். அதனால் உளி ஸ்டாண்டிலிருந்து இரண்டு எட்டில் சாணைக்கல் இருக்க வேண்டும். அதேசமயம் அதன் பொறி விழும் பக்கம் சீவல் இருக்கக் கூடாது, நடுவில் ஒரு தகரத்தை நிறுத்துங்கள். கூடுதல் செலவு செய்ய முடிந்தால் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மெதுவான கிரைண்டரை வாங்குங்கள். 2800 சுற்றில் கார்பன் ஸ்டீல் உளி கண்மூடித் திறப்பதற்குள் சூடேறி நீலம் பாரித்துக் கடினம் இழந்துவிடும்.

ஈரமான கருவேலம் கடைந்த அன்று உளியைத் துடைக்காமல் பைப்பில் போடாதீர்கள். பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துகிறோமே, அந்தத் துவர்ப்பு இரும்பைக் கறுப்பாக்கும். கடற்கரை ஊர்களில் சும்மா இருந்தாலே துரு ஏறும். ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும்.

ஸ்டாண்டில் ஆறு உளிக்கு மேல் வேண்டாம். பெரிய கௌஜ், சின்ன கௌஜ், கிண்ண கௌஜ், ஸ்கியூ, பார்ட்டிங் உளி, சுரண்டும் ஸ்கிரேப்பர். மற்றவை பெட்டிக்குள் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுக்கலாம். வீட்டுத் திண்ணையிலோ கொல்லையிலோ லேத் வைத்திருப்பவர்கள் சாயங்காலம் இன்னும் ஒரு வேலை செய்ய வேண்டும். ஸ்டாண்டை முனைப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி மூலையில் தள்ளி, சக்கரத்தைப் பூட்டி, லேத்தின் பிளக்கைப் பிடுங்கி வீட்டுக்குள் எடுத்துப்போகும் அளவுக்கு வயரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பம்பரம் கடைந்துகொடு என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். நாம் இல்லாத நேரத்திலும் வருவார்கள்.