சிப் துறையின் சிவப்புக் கட்டங்கள்

“சிப்பில் உள்ள டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்கிறார்களே, சொல்லி வைத்தாற்போல் அது எப்படி நடக்கிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மையிலேயே சொல்லி வைத்துத்தான் நடந்தது.

பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் இந்த இரட்டிப்பை 1965-இல் கணித்ததும், 1975-இல் அதை இரண்டு ஆண்டு என்று திருத்தியதும் பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் கணிப்பு தானாகப் பலித்துவிடாது. சிப் ஆலைக்கு வேண்டிய கருவிகளையும் வேதிப்பொருள்களையும் வெவ்வேறு நிறுவனங்கள் செய்கின்றன. சிப்பில் சுற்றுகளை ஒளியால் அச்சிடும் லென்ஸ் 2005-இல் தயாராகி, அதற்கேற்ற வேதிப்பொருள் 2009-இல் வந்தால் இரு தரப்புக்கும் நஷ்டம். அதனால் அமெரிக்க செமிகண்டக்டர் தொழில் சங்கம் 1992-இல் பொறியாளர்களைக் கூட்டி, துறைக்கே பொதுவான ஒரு திட்ட வரைபடத்தைத் தொடங்கியது. 1998-இல் ஐரோப்பா, ஜப்பான், தென் கொரியா, தைவான் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. ஐ.டி.ஆர்.எஸ். (செமிகண்டக்டருக்கான சர்வதேசத் தொழில்நுட்பத் திட்ட வரைபடம்) என்ற பெயரில் அது 15 ஆண்டு தொலைவு வரை பார்த்தது.

அதன் அட்டவணைகள்தான் எனக்குக் கொள்ளைப் பிரியம். மேலே வரிசையாக ஆண்டுகள். இடப்பக்கம் டிரான்சிஸ்டரின் அளவுகள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆண்டுக்குத் தேவைப்படும் எண், பின்னணியில் ஒரு நிறம். வெள்ளை என்றால் தீர்வு கையில் இருக்கிறது. மஞ்சள் என்றால் வழி தெரியும், ஆலைக்கு இன்னும் வரவில்லை. சிவப்பு என்றால் உற்பத்திக்கு உதவும் வழி யாருக்கும் தெரியாது. சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, “இது நம்மில் எவருக்கும் தெரியாது” என்று ஒப்புக்கொண்டு அந்தச் சிவப்பைப் பூசினார்கள்!

ஒரே ஒரு வரிசையைப் பார்ப்போம். டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ‘கேட்’ என்ற முனைக்கு அடியில் சிலிக்கான் டை ஆக்சைடாலான மின்காப்புப் படலம் உண்டு. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, அதுவும் மெலிய வேண்டும். 1.2 நானோமீட்டருக்கு வந்தபோது படலத்தின் தடிமன் ஏறக்குறைய ஐந்து அணு அடுக்குதான். எலக்ட்ரானுக்கு அலைப் பண்பு உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். படலம் இவ்வளவு மெலிந்தால் அந்த அலையின் வால் மறுபக்கம் வரை எட்டிவிடும். எலக்ட்ரான் தடையைத் தாண்டாமலேயே அந்தப் பக்கம் போய்விடும். படலம் 0.2 நானோமீட்டர் மெலிந்தால் கசிவு சுமார் பத்து மடங்காகும். சிப் சும்மா இருக்கும்போதே சூடாகும்.

அந்த வரிசையில் சிவப்பு சில ஆண்டுகள் முன்னதாகவே தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகங்களும் கருவி நிறுவனங்களும் மாற்றுப் பொருள் தேடின. ஹாஃப்னியம் கலந்த ஆக்சைடின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்க உதவும் திறன், பல மடங்கு அதிகம். படலத்தைத் தடிமனாக வைத்தும் அதே மின் விளைவைப் பெறலாம். 2007-இல் இன்டெல் தன் ‘45 நானோமீட்டர்’ தலைமுறைச் சிப்களில் அதைக் கொண்டுவந்தது.

எல்லாக் கட்டமும் இப்படிப் பலிக்கவில்லை. 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியால் சிப் அச்சிடும் முறை, எதிர்பார்த்ததற்குப் பத்து ஆண்டுக்கும் மேல் தாமதமாக 2019 வாக்கில்தான் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. 2001 பதிப்பு பிராசசர் வேகம் பத்து கிகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும் என்றது. வெப்பம் தாங்காமல் அந்த ஏற்றம் நான்கை ஒட்டியே தடைபட்டது. தவறும் எண்கள் அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டன. ஐ.டி.ஆர்.எஸ். 2016-இல் முடிந்தது. பொறியாளர்களின் சங்கமான ஐ-ட்ரிபிள்-ஈ அந்த வேலையை ஏற்று, குவாண்டம் கணினி வரை விரித்திருக்கிறது.

நம் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 2021-இல் 76,000 கோடி ரூபாய் அறிவித்தோம். நல்ல தொடக்கம். ஆனால் நம் ஊரில் ஆராய்ச்சி நிதி கேட்கும்போது தெரியாததைத் தெரியாது என்று எழுதத் தயங்குகிறோம். நிதி தருபவர்களும் உறுதியான பலனையே கேட்கிறார்கள். இந்தத் தயக்கத்தை முதலில் விட வேண்டியவை நம் தொழில்முறைச் சங்கங்கள். அவை இப்படி ஓர் அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிட்டால், கோவையில் பிஎச்.டி. தொடங்கும் மாணவி அடுத்த ஐந்து ஆண்டை எந்தச் சிவப்புக் கட்டத்துக்குக் கொடுப்பது என்று தானே பார்த்து முடிவெடுப்பாள்.