சாதனையை முறியடிக்க முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தடகளப் போட்டி நடக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் தவறாமல் ஒலிப்பது 'பழைய சாதனையை முறியடித்தார்' என்னும் அறிவிப்பு; மறுநாள் நாளிதழிலும் அதுவே தலைப்பு. இப்போது 'தன் சாதனையைத் தானே முறியடித்தார்' என்றும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

முறிதல் என்றால் ஒடிதல். அணி குலைந்து படை ஓடுவது முறிந்தோடுதல். அவ்வாறு ஓடும்படி அடிப்பது முறியடித்தல். எதிர்த்து வரும் படையோ நிறைவேறக் காத்திருக்கும் சதியோ முன்னே இருந்தால்தான் இவ்வினைக்கு வேலை உண்டு. 1748இல் தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து கிளம்பிய ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பியது. அந்த முற்றுகையைப் பிரெஞ்சுக்காரர் முறியடித்தனர் என்பது பிழையற்ற தமிழ். 1761இல் உணவின்றித் தளர்ந்து அதே நகரம் சரணடைந்ததை எவரும் 'முறியடிக்கப்பட்டது' என்று எழுதுவதில்லை, வீழ்ந்தது என்றே எழுதுகிறோம்.

சாதனையோ எவரையும் தாக்க வருவதில்லை. அது முன்பே நிறைவேறிவிட்ட செயல். 2023இல் விராட் கோலி ஒருநாள் போட்டிகளில் தம் 50ஆவது சதத்தை அடித்தபோது டெண்டுல்கரின் 49 சதங்களில் எது முறிந்தது? அவை அன்றும் 49, இன்றும் 49. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்னும் புயல் கரையைக் கடந்தபின் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் கிடந்த கிடப்பைக் கண்டவர்களுக்கு முறிதல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சாதனையை உடைப்பார்கள். அந்த உடைத்தலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவே இத்தொடர். வழக்கில் ஊன்றிவிட்டதே என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே காரணம். வேறு சொல் இல்லாத இடத்தில் அக்காரணத்தை ஏற்கலாம். இங்கே விஞ்சுதல், மிஞ்சுதல், கடத்தல் (கடந்து செல்லுதல்) என மூன்று சொற்கள் கைவசம் இருக்கின்றன. 'கடந்தடு தானை மூவிருங் கூடி' என்று கபிலர் மூவேந்தர் படையைப் பாடும் புறநானூற்று அடியில் 'கடந்தடு தானை' என்றால் வென்று அழிக்கும் படை; அங்கே கடத்தல் வெல்லுதலையே குறிக்கிறது. தாண்டிச் செல்லுதலும் வெல்லுதலும் ஒரே சொல்லில் அடங்கியிருக்க, ஒடித்தலை இரவல் வாங்குவானேன்? சாதனை வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள்கூட அதனோடு ஒட்டிய இவ்வினையைக் கேள்வி கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

மொழிபெயர்ப்பாளர்கள் இதை விளையாட்டோடு நிறுத்தவும் இல்லை. புற்றுநோயை முறியடித்தார், வறுமையை முறியடித்தார், துயரத்தை முறியடித்தார் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினையை நீட்டுகிறார்கள். நோயிலிருந்து மீள்கிறோம், வறுமையிலிருந்து கரையேறுகிறோம், துயரத்தைத் தாங்கித் தேறுகிறோம், தடையைத் தாண்டுகிறோம், பகையை வெல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தமிழ் தனித்தனியே வினை வைத்திருக்கிறது. தலைப்பில் இடமில்லை என்னும் சாக்கும் இங்கே செல்லாது, 'முறியடித்தார்' என்பதைவிட 'விஞ்சினார்' சிறியது.