டோரியன் போட்டால் கிரேக்கம் ஆகிவிடாது

இந்த வாரமும் மிக்ஸிங்குக்கு ஒரு டிராக் வந்திருக்கிறது. தலைப்பு 'ஆர்ஃபியஸ்', கிரேக்கப் புராணத்துப் பாடகன். கூடவே, "அசல் பண்டைய கிரேக்க இசை" என்று ஒரு குறிப்பு. திறந்தால் பூசூக்கி என்ற தந்தி வாத்தியம். அந்த வாத்தியம் கிரேக்கத்தில் பிரபலமானதே 20ஆம் நூற்றாண்டில்தான். ஆர்ஃபியஸ் மீட்டியது லைரா, நம் யாழ் மாதிரி. சரி, அதையாவது மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு எரிச்சலே டோரியன் என்ற சுர வரிசை, அதாவது மோடுதான். "சார், முழுக்க டோரியன் மோடு, அதனால் அசல்." இல்லை தம்பி. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் டி-யிலிருந்து டி வரை போனால் இன்றைய டோரியன். சுர வரிசையில் அது நம் கரகரப்பிரியா. பண்டைய கிரேக்கர்களின் டோரியனோ ஈ-யிலிருந்து ஈ வரை. நம் கணக்கில் தோடி. இடைக்கால ஐரோப்பாவின் தேவாலய இசைக்காரர்கள் பழைய பெயர்களை வேறு வரிசைகளுக்கு ஒட்டிவிட்டார்கள். உங்கள் மென்பொருளில் இருப்பது அந்த லேபிள். போதாக்குறைக்கு, கிரேக்கர்களிடம் கால் சுர இடைவெளிகளும் இருந்தன. கீபோர்டில் அதற்குக் கட்டையே கிடையாது. சுரத்தை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை யாராவது தொடுகிறீர்களா?

ஆலோஸ் என்ற பண்டைய கிரேக்க வாத்தியத்துக்குப் புல்லாங்குழல் சாம்பிள் போடுவதையும் நிறுத்துங்கள். அது சீவாளி வைத்து ஊதும் ஜோடிக் குழல். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த நமக்கே இது புரியாவிட்டால் எப்படி?

அசலாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸி 1913இல் 'சிரிங்ஸ்' என்று கிரேக்கக் கதையை வைத்து எழுதியது இன்றைய புல்லாங்குழலுக்கு. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1951இல் ஓபோ என்ற ஒற்றைக் குழல் வாத்தியத்தை வைத்து ஆறு புராணக் கதைகள் சொன்னார். அதில் சூரியனின் மகன் ஃபேத்தன் ஓட்டிய சூரிய ரதம் தறிகெட்டு ஓடுவதும் அவன் விழுவதும் காதிலேயே தெரியும். பாதாளத்திலிருந்து மனைவி யூரிடிசியை மீட்டு வரும்போது திரும்பிப் பார்த்து அவளை இழந்தவன் ஆர்ஃபியஸ். உங்கள் ஆர்ஃபியஸ் எந்த பாரில் (தாளக் கட்டத்தில்) திரும்பிப் பார்க்கிறான்? யூரிடிசி எங்கே கைநழுவிப் போகிறாள்? நாலு நிமிடமும் ஒரே லூப் ஓடினால் அவன் திரும்பவே இல்லை என்று அர்த்தம்.

பழைய மெட்டுதான் வேண்டுமென்றால் செய்கிலோஸ் கல்லறைப் பாட்டு இருக்கிறது, கல்லில் பொறித்த பண்டைய கிரேக்கப் பாட்டு. சுரக் குறிப்போடு முழுசாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையது. அந்தக் கல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெட்டுக்கு உரிமையாளர் கிடையாது, ஆனால் இன்றைய பதிவுகளுக்கு உண்டு. யாரோ வாசித்ததை வெட்டி ஒட்டாதீர்கள், ப்ளீஸ். நீங்களே வாசித்துப் பதியுங்கள்.

குறிப்பில் "அசல்" என்பதை அடித்துவிட்டு, "கிரேக்கக் கதையைத் தழுவியது" என்று எழுதுங்கள். அப்புறம், கோரஸ் குரல்கள் இருந்தால் தனி டிராக்காக அனுப்புங்கள். அதை அணைத்துவிட்டுத்தான் முதலில் கேட்பேன்.